பொட்டு வைத்த தோட்டா

கத்தரிக்காய் வாங்கினாலும் சரி, கல்யாணத்துக்குப் பெண் பார்த்தாலும் சரி, அண்ணாச்சி கேட்கும் கேள்வி ஒன்றுதான். "எங்கன வச்சிருந்துது?"

விலையைப் பிறகுதான் கேட்பார். எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்கவே மாட்டார். நேற்று வரைக்கும் அது எந்த இடத்தில், எதன் பக்கத்தில் இருந்தது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். புளியங்குடி எலுமிச்சம்பழம் கொண்டுவருகிற கூடைக்காரி அவர் வீட்டு வாசல் வந்ததும் குரலைத் தணித்துக்கொண்டு போவாள். குற்றாலத்தில் சீசனுக்கு மங்குஸ்தான் விற்கிற ஒருத்தி ஒருநாள் பொறுமை போய், "என் மடியிலதான் வச்சிருந்தேன், மோந்து பாக்கியளா?" என்று கேட்டுவிட்டாள். சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது. அண்ணாச்சிக்குக் கோபம் வரவில்லை. மடி என்றால் சூடு இருக்கும், பழம் நாளைக்கே அழுகிவிடும் என்று அவளுக்கே விளக்கம் சொல்லிவிட்டு வாங்காமல் நடந்தார். அன்று அவரோடு போயிருந்த என் வீட்டுக்காரர் அந்தக் கதையை ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெண் பார்த்த கதை அதைவிட மோசம். சொந்தக்காரப் பையனுக்காக நாலு பேரோடு சேர்ந்து இவரையும் கூட்டிப்போயிருக்கிறார்கள். பஜ்ஜி சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, பெண்ணின் அப்பாவிடம், "பொண்ணு இம்புட்டு நாளா எங்கன இருந்துது?" என்று கேட்டிருக்கிறார். அத்தை வீட்டில் வளர்ந்ததா, சொந்த வீட்டில் வளர்ந்ததா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாராம். அவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அவரை யாரும் பெண் பார்க்க அழைக்கவில்லை. நாற்பத்தைந்து வயதுவரை அவருக்கே கல்யாணம் ஆகாததற்கும் இந்த வாய்தான் காரணம் என்று தெருவில் ஒரு பேச்சு இருந்தது.

ஐம்பதுகளின் கடைசியில் நான் கல்யாணமாகித் தென்காசிக்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்குத் தாலுகா ஆபீசில் கிளார்க் வேலை. அண்ணாச்சி வீட்டின் பின்கட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம், முன்கட்டில் அவர் இருந்தார், கிணறு பொது. அவர் வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவார். முன்னறைக் கதவுக்கு மேலே 'துப்பாக்கி ரிப்பேர் செய்யப்படும்' என்று ஒரு போர்டு. தென்காசியில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் மலையடிவாரத்தில் ஒரு போகம் பயிர் வைத்துப் பார்க்க வேண்டும். பன்றி இறங்கினால் ஒரே ராத்திரியில் வயல் உழுதுபோட்ட மாதிரி கிடக்கும். லைசென்ஸ் வைத்திருந்த வயல்காரச் சம்சாரிகள் எல்லோரும் ஏதாவது ஒரு நாள் அந்தப் போர்டுக்குக் கீழே வந்து நின்றவர்கள்தான்.

ரிப்பேரைவிட அவருக்கு அதிகம் வந்த வேலை தோட்டா அடைக்கிறது. புதுத் தோட்டா அப்போது லேசில் கிடைக்காது. அதனால் சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை யாரும் எறியமாட்டார்கள். கழுவிக் காயவைத்து, புதுக் கேப்பு, வெடிமருந்து, ஈயக்குண்டு வைத்து மறுபடியும் அடைப்பார்கள். அதே கூட்டை ஏழெட்டுத் தடவைகூட அடைக்கலாம். அது கை மாறி, ஊர் மாறி, யார் யாரோ சுட்டதாக இருக்கும். தன்னிடம் வருகிற ஒவ்வொரு கூட்டையும் அண்ணாச்சி முதலில் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். பிறகு வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கடைசியில் அந்தக் கேள்வி.

அடைக்கிற அன்று அவர் வேறு ஆள். சாரல் அடித்தால் வேலை கிடையாது. மனசு சரியில்லை என்றாலும் கிடையாது. வருகிறவர்கள் பீடியைத் தெருமுனைப் பைப்படியிலேயே போட்டுவிட்டு வர வேண்டும். வேலை நடக்கும்போது யாரும் பேசக்கூடாது. வந்த புதிதில் இது தெரியாமல் நான் ஜன்னல் வழியாக, "அண்ணாச்சி, மோர் வேணுமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிறகு அதுவரை அடைத்து வைத்திருந்த அத்தனையையும் ஒன்றுவிடாமல் பிரித்துக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். காலையில் தொடங்கிய வேலை விளக்கு வைக்கும் நேரம் வரை போனது. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஒரு வாய் மோருக்கு இவ்வளவு பாடா என்று என் வீட்டுக்காரரிடம் முணுமுணுத்தேன்.

இவர் உண்மையிலேயே விஷயம் தெரிந்தவரா, இல்லை, பயந்தாங்கொள்ளியா என்பது அப்போதே எனக்குக் குழப்பம். இந்த வயதிலும் அது தெளிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன்.

என் பிறந்த ஊர் மேக்கரை. மலைக்குக் கீழே கடைசி வயல் எங்கள் வயல்தான். என் அண்ணனுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் இருந்தது. குற்றாலத்தில் ஐந்தருவி போகிற வழியில் ஒரு துரை பங்களா, துரை சீமைக்கே போய்விட்ட பிறகு சாமான்களை ஏலம் போட்டார்கள். அதில் ஒரு பழைய ஒற்றைக் குழல் ரைபிளையும் அதற்கான பதினெட்டு பித்தளைக் கூடுகளையும் அண்ணன் எடுத்தான். அந்த ரைபிளைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் ஊருக்குள் நடந்ததைப் பார்த்தால் துரை திரும்பி வந்துவிட்டார் என்றுதான் நினைக்கத் தோன்றும். கார் அறுப்புக்கு முன்னால் தோட்டா அடைத்துக் கொடுங்கள் என்று கூடுகளை அண்ணாச்சியிடம் கொண்டுவந்தான். இரண்டு பொட்டலமாக இருந்தன. ஒன்று கம்பளித் துணியில் சுற்றியது, இன்னொன்று சாக்குப் பை.

அண்ணாச்சி மோந்து பார்த்தார். எங்கன வச்சிருந்துது என்று கேட்டார். கம்பளியில் இருந்தது பங்களா பீரோவிலிருந்து எடுத்தது, சாக்கில் இருந்தது குதிரை லாயத்துப் பரண்மேல் கிடந்தது என்று அண்ணன் ஒளிக்காமல் சொன்னான். ஒளிக்க என்ன இருக்கிறது? எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே முத்திரை, ஒரே அளவு.

பீரோவில் இருந்த எட்டும் ஆகும், லாயத்தில் இருந்த பத்தும் ஆகாது என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். பித்தளைக்குக் குதிரை மூத்திர வாடை, மாட்டு மூத்திர வாடை ஆகாதாம். மழைக்காலத்தில் அந்த வாடை பட்டுக்கொண்டே இருந்தால் உள்ளுக்குள் தானாகக் கீறிக்கொள்ளுமாம். கண்ணுக்குத் தெரியாதாம். சுடும்போது கூடு பிளந்தால் தீயும் புகையும் பின்பக்கமாக வந்து சுடுகிறவன் கண்ணில் அடிக்குமாம். சண்டைக் காலத்தில் பட்டாளத்துத் தோட்டாக் கிட்டங்கியில் வேலை பார்த்தபோது இப்படி நிறையப் பார்த்ததாகச் சொன்னார். அண்ணன் கேட்டுக்கொண்டான், நம்பவில்லை. பத்துக் கூட்டையும் அமுக்கிக்கொள்ளத்தான் இந்த மூத்திரக் கதை என்று பின்கட்டுக்கு வந்து என்னிடம் சொன்னான். நானும் ஒரு கூட்டை வாங்கி மோந்து பார்த்தேன். பித்தளைதான் மணத்தது.

ஆகும் என்ற எட்டையும் அண்ணாச்சி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரியில் வைத்தார். ஆகாத பத்தையும் ஒரு ஓலைக் கடகத்தில் போட்டுத் தரையில் தள்ளிவிட்டார். அடைத்ததை வாங்க அண்ணன் திரும்பி வரும்போது, அவன் கண்முன்னாலேயே நசுக்கிப்போட வேண்டும் என்பது அவர் எண்ணம். முன்னாலேயே நசுக்கினால் திருடிவிட்டார் என்ற பேச்சு வரும் அல்லவா?

அந்த நேரத்தில் சுரண்டையில் அவருடைய தங்கை பிள்ளைக்கு ஞானஸ்நானம் வந்தது. இரண்டு நாள் வரமாட்டேன், மழை அடித்தால் மட்டும் முன்னறை ஜன்னலைச் சாத்திவிடு, வேறு எதையும் தொட வேண்டாம் என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மருந்துப் பெட்டிக்குத் தனிப் பூட்டு, அதன் சாவி எப்போதும் அவர் இடுப்பில்தான் இருக்கும். தொட வேண்டாம் என்றது அந்தப் பெட்டியைத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆயுத பூஜை. அரிவாள்மணை, அம்மி, என் வீட்டுக்காரரின் பேனா வரைக்கும் பொட்டு வைத்துவிட்டேன். ஜன்னலைப் பார்க்க முன்னறைக்குப் போனால், என் பிறந்த வீட்டுத் தோட்டாக் கூடுகள் கறுத்துக் களிம்பு பிடித்துக் கிடக்கின்றன. வேதக்காரர் வீட்டில் ஆயுத பூஜை கிடையாது, சரி. எங்கள் வீட்டு ஆயுதம் அங்கே கிடக்கிறதே, அதற்கும் கிடையாதா? அந்த வருஷம் பன்றியும் அதிகம். அண்ணன் கையில் எடுக்கப்போகிற சாமான். மனசு கேட்கவில்லை.

டின்னில் இருந்ததையும் கடகத்தில் இருந்ததையும் முந்தானையில் அள்ளிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். புளியும் சாம்பலும் போட்டுக் கை கடுக்க விளக்கினேன். வெயிலில் காயவைத்ததும் பதினெட்டும் புது நகை மாதிரி மின்னின. முன்னறைப் பலகையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, பொரி கடலையும் படைத்தேன். சூடம் மட்டும் காட்டவில்லை. அந்த அறையில் தீ ஆகாது என்கிற அறிவு எனக்கு இருந்தது. அந்த ஒரு அறிவை வைத்துக்கொண்டு நானும் விவரமான ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி சுரண்டையிலிருந்து வந்தார். கதவைத் திறந்தவர் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றார். நான் பெருமையாகப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் ஒரு கூட்டை எடுத்து மோந்தார். வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். அப்படியே பதினெட்டையும் மோந்தார்.

"எல்லாம் சந்தனமால்லா மணக்குது" என்றார், மெதுவாக.

பிறகு, கடகத்தில் கிடந்தது எதெல்லாம் என்று கேட்டார். ஏதோ ஒன்றைக் காட்டினேன். அது இல்லை என்று தோன்றி இன்னொன்றைக் காட்டினேன். எல்லாம் ஒன்றுபோல இருக்கிறதே அண்ணாச்சி என்றேன்.

"அதான் யம்மா சங்கடம்" என்றார்.

அன்று முழுக்க அவர் வெளியே வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், நகத்தால் தடவினார், கம்பியை உள்ளே விட்டு நெருடிப் பார்த்தார், பல்லால் லேசாகத் தட்டிச் சத்தம் கேட்டார். சாயங்காலம் கிணற்றடியில் முகம் கழுவும்போது, தெரியவில்லை என்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். அத்தோடு முடிந்திருக்கும். எனக்கு அப்போது வாய் கொஞ்சம் நீளம்.

இரண்டு நாளில் அண்ணன் வந்தான். பதினெட்டும் பளபளவென்று இருப்பதைப் பார்த்து முகம் மலர்ந்துவிட்டான். எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள் என்றான். அண்ணாச்சி, நல்லதும் கெட்டதும் கலந்து போய்விட்டது, இனி ஒன்றையும் அடைக்கமாட்டேன் என்றார். யார் கலந்தது என்று அண்ணன் கேட்டான். நான் நடைக்கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"என் கைத்தப்புதான் தம்பி" என்றார் அண்ணாச்சி.

எனக்கு அப்போது வாய் திறக்கவில்லை. அண்ணன் அடிக்கிறவன் இல்லை. ஆனாலும் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை, தங்கச்சி எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாள் என்ற பேச்சு பிறந்த வீட்டுக்குப் போவதை என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன். அண்ணாச்சி ஏன் அப்படிச் சொன்னார் என்பது ஒரு பக்கம் புரியவில்லை. சொன்னது எனக்கு வசதியாக இருந்தது என்பதும் உண்மை.

"மொதல்ல பாதி ஆவாதுன்னிய. இப்ப முழுசும் ஆவாதுங்கிய. அடுத்தாப்ல துப்பாக்கியே ஆவாதும்பிய" என்றான் அண்ணன். பதினெட்டையும் துண்டில் கட்டிக்கொண்டு போய்விட்டான். அண்ணாச்சி பஸ் நிறுத்தம்வரை பின்னாலேயே போய்ச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அவன் காதில் வாங்கவில்லை.

செங்கோட்டைப் பக்கம் ஒரு ஆள் இருந்தான், எதைக் கொடுத்தாலும் கேள்வி கேட்காமல் அடைத்துத் தருவான். அண்ணன் அவனிடம் கொடுத்து அடைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை புது ரைபிளை முதன்முதலாகச் சுடப்போகிறேன், மச்சானைக் கூட்டிக்கொண்டு சாப்பாட்டுக்கு வா என்று எனக்கு ஆள் மூலம் சொல்லிவிட்டான். சனிக்கிழமை ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. அண்ணனுடைய முகம், அவன் கண், அண்ணியின் கையில் இருந்த ஏழு மாதப் பிள்ளை, எல்லாம் மாறி மாறி வந்தது. காலையில் அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் சட்டையை மாட்டினார், ஒரு சுத்தியலை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார், எங்களோடு பஸ் ஏறினார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் அவர் வேறு எங்கும் போய் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பஸ்ஸில் நான் மனசைத் திடப்படுத்திக்கொண்டேன். வயலில் போய் இறங்கியதும், ஊர்க்காரர்கள் பத்துப் பேர் நிற்கிறார்கள் என்றும் பார்க்காமல், அண்ணனிடம் சொல்லிவிட்டேன். கலந்தது அண்ணாச்சி இல்லை, நான்தான். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிறேன் என்று எல்லாவற்றையும் ஒன்றாக விளக்கிவிட்டேன். அதில் பத்து கெட்டது. சுடாதே.

அண்ணன் என்னைப் பார்த்தான். அவன் முகம் கோபத்தில் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். சந்தோஷத்தில் விரிந்தது.

"ஏட்டி, நீயா பூசை போட்ட? இத மொதல்லயே சொல்லதுக்கென்ன? கூடப் பொறந்தவ பொட்டு வச்ச தோட்டா. ஒண்ணும் ஆவாது."

சுற்றி நின்றவர்களும் அதையே சொன்னார்கள். அண்ணி எனக்குத் திருஷ்டி கழிக்கிற மாதிரி கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். உண்மையைச் சொன்னால் நிறுத்திவிடுவான் என்று நினைத்தேன், அந்த உண்மையே அவனுக்குத் தைரியமாகப் போய்விட்டது. நான் அழுதேன். அதையும் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

துப்பாக்கியை மரத்தில் கட்டி, கயிறு போட்டுத் தூர நின்று இழுத்துச் சுடலாம் என்று அண்ணாச்சி கேட்டார். மரத்தில் கட்டிவைக்க அது என்ன கள்ளனா என்று அண்ணன் மறுத்துவிட்டான். அப்போதுதான் அண்ணாச்சி அந்தப் பந்தயத்தைச் சொன்னார். பதினெட்டையும் நானே தோளில் வைத்துச் சுடுகிறேன். ஒன்று பிளந்தாலும் மிச்சத்தை நீங்கள் தொடக்கூடாது. சுட்ட கூடு எல்லாம் எனக்கு. அண்ணனுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"ஒண்ணும் ஆவலேன்னா?"

"என்ன செய்யணும், சொல்லுங்க."

"போர்டக் கழத்திரணும். இனிமே யாரு தோட்டாவையும் மோந்து பாக்கப்பிடாது."

"சரி" என்றார் அண்ணாச்சி.

லைசென்ஸ் இல்லாத ஆள் சுட்டால் சட்டம் என்ன சொல்லும் தெரியுமா என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. அவர் வரப்பைத் தாண்டிப் போய் ஒரு தென்னைக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

அண்ணாச்சி பிள்ளைகளை வைக்கோல்போருக்குப் பின்னால் அனுப்பினார். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். துண்டை நனைத்து வலது கையில் சுற்றிக்கொண்டார். பதினெட்டும் நல்லது என்று அவர் நம்பினால் இதெல்லாம் எதற்கு? பத்து கெட்டது என்று நம்பினால் தோளில் எதற்கு வைக்கிறார்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் ரைபிளைத் தோளில் பதித்துக்கொண்டார்.

முதல் வெடி மலையில் மோதித் திரும்பியது. புகை கலைந்தபோது அண்ணாச்சி அப்படியே நின்றார். கூட்டை எடுத்து வரப்புக் கல்லில் வைத்துச் சுத்தியலால் ஒரே அடி, தகடாகிவிட்டது. இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் அதே நிதானம், அதே அடி. சனங்கள் எண்ண ஆரம்பித்தார்கள். ஆறு ஏழு ஆனபோது சிரிப்பு கிளம்பியது. அவருடைய தோள் ஒவ்வொரு வெடிக்கும் பின்னுக்குப் போய் வந்தது.

பதினொன்றாவதின் சத்தம் எனக்கு வேறு மாதிரி கேட்டது. கட்டையாக, பக்கவாட்டில் சீறிய மாதிரி. அவர் தலை ஒரு வெட்டு வெட்டியது. கன்னத்தில் கரி அப்பியிருந்தது. முன்னாலேயே இருந்த கரியா, அப்போது வந்ததா என்று எனக்குத் தெரியாது. கறுப்பு மருந்துப் புகையில் பத்து வெடி சுட்டவர் முகம் வெள்ளையாகவா இருக்கும்? என்னவோ ஆகிவிட்டது என்று கத்தினேன். அண்ணன் ஓடி வருவதற்குள் அவர் கூட்டை எடுத்துக் கல்லில் வைத்து அடித்துவிட்டார். ஒரு அடி இல்லை, மூன்று அடி.

"ஒண்ணுமில்ல. அடுத்தத எடுங்க" என்றார்.

பிளந்திருந்தால் அந்த இடத்திலேயே தூக்கிக் காட்டி ஜெயித்திருக்கலாம், நிறுத்தியிருக்கலாம். பிளக்கவில்லை என்றால் மூன்று அடி எதற்கு? மிச்சம் ஏழையும் சுட்டார். பதினெட்டும் தகடாகி அவர் பைக்குள் போனது. ஊர் கைதட்டியது. என் தங்கச்சி பூசை என்று அண்ணன் சொல்லிக்கொண்டே எல்லோருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தான். அந்தச் சத்தத்துக்குப் பயந்து பன்றிகூட ஒரு வாரம் இறங்கவில்லை. தன்னிடம் ஒரு தோட்டாகூட மிச்சமில்லை, ஒரு கூடுகூட இல்லை என்பது ஜெயித்த அண்ணனுக்கு உறைக்க இரண்டு நாள் ஆனது. அந்த அளவில் கூடு அதற்குப் பிறகு அவனுக்கு எங்கேயும் அகப்படவில்லை. ரைபிள் சுவரில் தொங்கியது.

அண்ணாச்சி சாப்பிடாமல் அடுத்த பஸ்ஸில் ஏறினார். மறுநாள் காலையில் இடது கையால் போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். வலது தோள் நீலமாகி வீங்கியிருந்தது, ஒரு மாதம் அந்தக் கையைத் தூக்க முடியவில்லை. நான் ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். மேக்கரைக் கதை அதற்குள் கடையம் வரைக்கும் போய்விட்டது. மூத்திர வாடை என்று சம்சாரிகளை ஏமாற்றியவர், பதினெட்டு வெடியில் சாயம் வெளுத்தது என்று பேசினார்கள். லாயத்தில் கிடந்த கூட்டையும் பயப்படாமல் அடைக்கலாம் என்பது அவர் புண்ணியத்தில் நாலு ஊருக்கு நிரூபணம் ஆகிவிட்டது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் குலை நடுங்குகிறது. அப்படி அடைத்த யார் கண்ணாவது போயிருந்தால், அந்தக் கணக்கு யாருடையது?

பிறகு அவர் பம்பு ஸ்டவ் ரிப்பேர் செய்தார். எங்களுக்கு மாற்றல் வந்து சாத்தூர்ப் பக்கம் போய்விட்டோம்.

அறுபதுகளின் நடுவில் சீசனுக்குப் பிள்ளைகளோடு குற்றாலம் வந்தேன். பேரருவிக்குப் போகிற பாதையில், சாரலுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டு, விடுதிக்காரர்களின் ஸ்டவ்களைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை அடையாளம் கண்டு, பிள்ளைகளுக்கு உட்காரப் பலகை போட்டார். அவருடைய வலது கண் ஓரத்தில் தோல் சுருங்கி ஒரு கறுப்புத் தடம் இருந்தது. வயசுக்கு வருகிற மச்சமா, என்ன என்று எனக்குத் தெரியவில்லை. நான் தடத்தையே பார்த்தேன். அவர் ஸ்டவ்வைப் பார்த்தார்.

இத்தனை வருஷம் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். பதினொன்றாவது பிளந்ததா, இல்லையா? உள்ளதைச் சொல்லுங்கள் அண்ணாச்சி. பிளந்தது என்றால் நான் உங்களைக் கொல்லப் பார்த்தவள். பிளக்கவில்லை என்றால் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு உங்கள் பிழைப்பைக் கெடுத்தவள். இரண்டில் எது என்று தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை.

அவர் கையிலிருந்த ஸ்டவ் மூக்கை ஒருதரம் ஊதிப் பார்த்தார். துணியில் கையைத் துடைத்தார்.

"ஒனக்கு எது வேணும் யம்மா?" என்றார். "எதச் சொன்னா ஒறங்குவ? அதச் சொல்லுதேன்."

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். பிள்ளைகள் அருவிக்குப் போக வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். எனக்கு எது வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் எழுந்து போனேன்.